குங்குமம் வைத்த லாக்கு

கழற்றுகிற வரைக்கும் தன் புருஷனைப் போல ஒரு மெக்கானிக் மாம்பலத்திலேயே கிடையாது என்று சீதா அடித்துச் சொல்வாள். மாட்டுகிற இடத்தில்தான் வில்லங்கம். ரேடியோவைக் கழற்றினார், அது இன்றைக்கும் பரண்மேல் ஒரு பெட்டியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தையல் மெஷினைக் கழற்றினார். மாட்டி முடித்தபோது கொஞ்சம் திருகாணி மிஞ்சிவிட்டது. அவை இல்லாமலே மெஷின் ஓடுகிறதே, அப்படியானால் செய்தவன்தான் முட்டாள் என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார். பகலெல்லாம் பாத்திரக் கடையில் குடத்தையும் அண்டாவையும் தட்டிக் காட்டி விற்கிற நல்லசிவத்துக்கு, வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு ஸ்பானர் இருந்தாக வேண்டும். சில பேருக்குச் சீட்டாட்டம், அவருக்கு இது.

அந்த வருஷம் நவராத்திரியில் அவர் கை வைத்தது காரில்.

கார் அவருடையது இல்லை. கடையும் அவருடையது என்று சொல்லிவிட முடியாது. இரண்டையும் வாங்கியவர் அண்ணன் அய்யாதுரை. ஊரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, தெருத்தெருவாகப் பாத்திரம் சுமந்து விற்று, தி. நகரில் கடை பிடித்து, பிறகு தம்பியையும் வரவழைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தவர். மயிலாப்பூரில் அவருடைய வீடு இருந்த சந்துக்குள் கார் நுழையாது. அதனால் வண்டி தம்பி வீட்டு ஷெட்டில் நின்றது. ஒரு மாதமாக எஞ்சினில் ஒரு கடகடப்பு. ராயப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த குலாம் ரசூல் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, வால்வு ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்கிறது, மற்றதும் தளர்ந்திருக்கும், பூஜை கழித்து வண்டியை விடுங்கள், எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார். நல்லசிவம் புது ஸ்பிரிங்குகளை மட்டும் வாங்கிக்கொண்டார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவியை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டிலேயே மாற்றிவிடுகிறேன் என்று, அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்த அண்ணனிடம் சொன்னார்.

அய்யாதுரை நம்பவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. விஜயதசமியன்று சாயங்காலம் அடையாறில் புதுக் கிளை திறக்கிறோம், குடும்பத்தோடு காரில் போய் இறங்க வேண்டும், அதற்குள் வண்டி ஓடுமா என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றார் தம்பி. காதோரம் நரைத்த மனுஷன் அண்ணன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல நின்றதைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது சீதாவுக்குப் பாவமாக இருந்தது.

கதவுக்குப் பின்னால் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்களில் புருஷனின் அண்ணன் முன்னால் பெண்கள் வந்து நிற்க மாட்டார்கள். பேசுவது என்பதே கிடையாது. சீதாவும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியத்தான் வீட்டுக்குள் காலடி வைத்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். புருஷனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவின் நாதாங்கியை லேசாகத் தட்டுவாள். அவர் எழுந்து உள்ளே வருவார், காதோடு விஷயத்தைக் கேட்டுக்கொள்வார், வெளியே போய்த் தன் பேச்சாகச் சொல்வார். பட்டணத்துக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இது மாறவில்லை. தன் குரல் எப்படி இருக்கும் என்று பெரியத்தானுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று அவள் சில சமயம் சிரித்துக்கொள்வாள்.

வேலை தொடங்கியது. எஞ்சினின் தலையைக் கழற்றாமலே ஸ்பிரிங் மாற்ற ஒரு வழி இருந்தது. ஸ்பிரிங்தான் வால்வை மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். அது விழாமல் இருக்க, பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றை உள்ளே திணித்து, முன்பக்க ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றினால் பிஸ்டன் மேலே ஏறிக் கயிற்றை நெருக்கும். கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். இந்த உபாயத்துக்கு நல்லசிவம் எடுத்த கயிறு, சீதா துணி காயப்போடுகிற கொடி. அன்றைக்குத் துவைத்த துணியெல்லாம் செம்பருத்திச் செடிமேல் காய்ந்தது. கேட்டதற்கு, ஒரு சேலை பெரிதா ஒரு கார் பெரிதா என்றார்.

கருவியால் ஸ்பிரிங்கை அமுக்கினால், வால்வின் கழுத்தில் இரண்டு பக்கமும் செருகியிருக்கும் லாக்கு தெரியும். ஒரு மோதிரத்தைப் பாதியாக வெட்டினால் எப்படியோ அப்படி, சுண்டுவிரல் நகம் அகலத்தில் இரண்டு துண்டுகள். அவை இருந்தால் ஸ்பிரிங் நிற்கும். ஒன்று இல்லாவிட்டாலும் நிற்காது. நல்லசிவம் அந்தத் துண்டுகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பதையும் கிரீஸ் தடவித் திரும்ப ஒட்ட வைப்பதையும் பார்த்தபோது, இந்தத் தடவை தேறிவிடுவார் போலிருக்கிறதே என்று சீதாவுக்கே நம்பிக்கை வந்தது. மூன்று சிலிண்டர்கள் முடிந்தன. நாலாவதில் பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிய நேரத்தில் கடையிலிருந்து ஆள் வந்துவிட்டான். மறுநாள் ஆயுத பூஜை. கடை முழுக்கக் கழுவித் துடைக்க வேண்டும், அண்ணன் கூப்பிடுகிறார். அதன் இரண்டு வால்வுக்குமான நாலு லாக்குத் துண்டுகளையும் ஒரு சோப்புப் பெட்டி மூடியில் போட்டு, எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். கயிறு சிலிண்டருக்குள்ளேயே கிடந்தது.

ஆயுத பூஜையன்று சீதா தொட்டாள். தொடாமல் எப்படி இருக்க முடியும்? அரிவாள்மனையும் கத்தரிக்கோலும் சுத்தியலும் ஸ்பானரும், திருப்பிக் கொடுக்காத குலாம் ரசூலின் கருவியும்கூட சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக இருக்கிறபோது, அவ்வளவு பாடுபட்டுக் கழற்றிய சாமான்கள் மட்டும் ஷெட்டில் சோப்பு மூடியில் கிடப்பதா? வேலை செய்கிற இரும்பைப் பூஜைக்குச் சேர்க்காமல் விட்டால் அது வருஷம் முழுக்கச் சண்டித்தனம் பண்ணும் என்பது அவள் பிறந்த வீட்டு நம்பிக்கை. புது ஸ்பிரிங்குகளையும் லாக்குகளையும் ஒரு பித்தளைத் தட்டில் வைத்தாள். லாக்கில் கிரீஸ் இருந்ததால் சந்தனம் ஒட்டவில்லை. கெட்டியாகக் குழைத்து அப்பினாள். அதன்மேல் ஊசிமுனையளவு குங்குமம். உருண்டு தொலைந்துபோகக் கூடாதே என்று ஒவ்வொரு துண்டையும் ஒரு சாமந்திப் பூவின் நடுவில் பதித்து வைத்தாள்.

நல்லசிவம் வந்து பார்த்தார். முகம் சுளிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவரோ தட்டுக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். பிள்ளைகள் இருவரையும் கொலு பார்க்கப் பெரியம்மா மயிலாப்பூருக்கு அழைத்துப் போயிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே அடையாறு கிளையைத் தன்னிடம் விடப்போவதாக அண்ணன் சொன்னதைச் சொன்னார். அந்த ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க அவருக்கு ஒரு வழி பிறந்திருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூசை. அது முடிந்தால்தான் ஆயுதத்தைக் கையில் எடுக்கலாம். நல்லசிவம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தார். சீதா அவசர அவசரமாகச் சூடம் காட்டி, லாக்குகளைப் பூவிலிருந்து பெயர்த்துத் தட்டில் போட்டு, பூவையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளி ஒரு வாழை இலையில் பொதிந்தாள். சாமிக்குப் போட்ட பூவைக் கால்படுகிற இடத்தில் போடக் கூடாது. தண்ணீரில்தான் விட வேண்டும். அதற்கு அந்த வீட்டில் ஒரே ஏற்பாடு, அம்மாசி.

அம்மாசி அந்தத் தெருவில் நாலு வீட்டுக் கார்களைக் கழுவித் துடைக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். அதற்கு முன்னால் கை ரிக்‌ஷா இழுத்தவர். சர்க்கார் கை ரிக்‌ஷாவை நிறுத்தியபோது நிறையப் பேருக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. சும்மா இருந்த நாட்களில் வாசல் வாசலாக நின்று, முகம் பழகி, ஒவ்வொரு வீடாகப் பிடித்துத்தான் அந்த நாலு வீடும் சேர்ந்தது. குடிசை சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில். அதனால் வெள்ளிக்கிழமைப் பூ, பூஜைப் பூ எல்லாம் சீதா அவரிடம் கொடுத்துவிடுவாள். அவரும் மரியாதையாக இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு போவார். அன்றைக்கும் வாங்கிக்கொண்டார். ஆற்றில் விட்டு, வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு, பக்கத்து வீட்டு வக்கீல் வண்டியைக் கழுவத் திரும்பி வந்தார்.

அதற்குள் இங்கே ஷெட்டில் தேடல் தொடங்கியிருந்தது. நல்லசிவம் லாக்குகளை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணியபோது மூன்றுதான் இருந்தது.

முதலில் தட்டைப் பார்த்தார்கள், பிறகு கூடத்தை. சீதா பூஜை இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். நல்லசிவம் காருக்கடியில் படுத்து முறத்தால் மண்ணைப் புடைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி மவுண்ட் ரோடுப் பக்கம் போனார். உதிரிச் சாமான் கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. குலாம் ரசூல் மட்டும் பூட்டிய ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பையன்கள் எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள், அவர்கள் வந்து எடுக்காமல் நான் கை வைத்தால் நன்றாக இருக்காது, நாளைக்கு வாருங்கள், கை நிறைய அள்ளித் தருகிறேன் என்றார். நாளைக்கு என்பது நல்லசிவத்துக்கு எதற்கு? வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, தன் வீட்டு வாசலில் அண்ணன் டாக்ஸியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

சீதா கதவுக்குப் பின்னால் போனாள்.

அய்யாதுரை முற்றத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தார். பிளக் ஓட்டையிலிருந்து தொங்கிய கொடிக் கயிற்றைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பேசியது எல்லாவற்றையும் இங்கே எழுத வேண்டியதில்லை. கத்தவில்லை, அந்த மனுஷன் கத்தியே பழக்கமில்லாதவர். பரவாயில்லை, டாக்ஸியிலேயே போய் இறங்குவோம், கார் வைத்திருக்கிறவன் வாடகை வண்டியில் வந்தான் என்று அடையாறு பூரா சிரிக்கட்டும் என்றார். நகம் அளவுச் சாமானைக் காபந்து பண்ணத் தெரியாதவனை நம்பி ஒரு கடையை எப்படி விடுவது என்று யோசிக்கிறேன் என்றார். கடைசியாகச் சொன்னதுதான் நல்லசிவத்தைக் கொன்றது. அவர் முகம் வெளுத்ததைச் சீதா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"தொலைக்கலண்ணே. வச்ச இடத்துல இருந்தா ஏன் தொலையுது" என்றார் நல்லசிவம். "காலையில வெளி ஆள் வந்துட்டுப் போயிருக்கு."

சொல்லும்போது யார்மேலும் பழி போட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை என்றுதான் சீதா இன்றைக்கும் நம்ப ஆசைப்படுகிறாள். அண்ணனின் பார்வை தன்மேலிருந்து கொஞ்சம் நகர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. பார்வை நகர்ந்தது. மதில் பக்கத்தில் வக்கீல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாசியிடம் போய் நின்றது.

கூப்பிட்டார்கள். அம்மாசி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். அய்யாதுரை மிச்சமிருந்த லாக்கு ஒன்றைக் காட்டிக் கேட்டார், இதைப் போல ஒன்றைக் காணோம், இங்கேயிருந்து காலையில் எதை எடுத்துக்கொண்டு போனாய் என்று. எதையும் எடுக்கவில்லை என்றார். வெறுங்கையோடு போகவில்லையே, என் தம்பி பார்த்தானே என்றார் அய்யாதுரை.

"அம்மா குட்த்த பூ மொதலாளி. அத்த எட்துனு போய் ஆத்துல உட்டேன். வேற இன்னா கீது என்கையில?"

பூ என்ற சொல் காதில் விழுந்ததும் சீதா காலையில் செய்ததை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நாலு பூவில் வைத்தாள். காலையில் அவசரத்தில் எத்தனை பூவிலிருந்து பெயர்த்தாள்? விரலுக்கு மூன்றுதான் நினைவிருந்தது. நாலாவது, அந்தப் பூக் குவியலோடு, அவள் கையாலேயே, இலைக்குள் போயிருக்கிறது. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. அவள் நாதாங்கியைத் தட்டினாள்.

நல்லசிவம் திரும்பவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

"காப்பி பொறவு வரட்டும்" என்றார் அவர், கதவைப் பாராமலே.

மூன்றாவது தடவை தட்டியபோது அம்மாசி மட்டும் கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியும். அவள் வெளியே வருவாள் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு எட்டு வைத்தால் முற்றம். வாயைத் திறந்தால் விஷயம் முடிந்தது. சீதாவின் கால் எழும்பவில்லை. இத்தனை வருஷமாக அந்த நிலைப்படியைத் தாண்டாத கால் அது. நாதாங்கியைப் பிடித்த கை மட்டும் அதைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அய்யாதுரை எழுந்து மதிலோரம் போய், வக்கீலிடம் இரண்டு வார்த்தை பேசினார். வீட்டுச் சாமானில் கை வைக்கிற ஆளாம், பார்த்துக்கொள்ளுங்கள், எதிர் வீடுகளிலும் சொல்லிவிடுங்கள். ஒரு மனிதர் வாசல் வாசலாக நின்று சம்பாதித்த நாலு வீடும் அந்த ஒரு பேச்சில் போயின. அம்மாசி சண்டை போடவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்து, துடைக்கிற துணியை மடித்து அதன்மேல் வைத்தார். பூவோடு போயிருந்தாலும் போயிருக்கும், தேடிப் பார்த்துக் கொண்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். ஓடுகிறான் பார் என்றார் அய்யாதுரை.

காப்பிக்கு உள்ளே வந்த புருஷனிடம் சீதா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நல்லசிவம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பூவோடா என்று இரண்டு தடவை கேட்டார். இப்போதே போய் அம்மாசியைக் கூப்பிடுங்கள் என்றாள் சீதா.

"இப்பப் போய் இதச் சொன்னா அண்ணன் என்ன நினைப்பாரு? பொண்டாட்டி சாமானை ஆத்துல விட்டா, இவன் ஊரான் மேல பழி போட்டான்னு சொல்லுவாரு. அதுக்குப் பொறவு கடையாவது ஒண்ணாவது. அண்ணன் கிளம்பிப் போகட்டும். நாளைக்கு நானே அம்மாசியக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லிருதேன். நாலு வீட்டுலயும் சொல்லிருதேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். நாளைக்குச் செய்கிறேன் என்று சொல்லும்போது நிஜமாகவே செய்யப் போகிறவரைப் போலத்தான் அவர் முகம் இருந்தது. ரேடியோவை மாட்டப் போவதாகச் சொன்னபோதும் இதே முகம்தான். சீதா இலை போட்டாள். பெரியத்தான் சாப்பிட்டார். வெயில் முற்றத்திலிருந்து மதிலுக்கு ஏறியது.

டாக்ஸிக்கு ஆள் அனுப்பலாம் என்று அய்யாதுரை சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மாசி வந்தார். இடுப்புவரை கறுப்புச் சேறு. முழங்காலில் கண்ணாடியோ தகரமோ கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஆற்று நாற்றம் கதவு வரைக்கும் வந்தது. மூடிய கையை நல்லசிவத்துக்கு முன்னால் நீட்டி விரித்தார். உள்ளங்கையில் அந்த லாக்கு.

"கெட்ச்சிருச்சு மொதலாளி" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஆகாயத்தாமரையில மாட்டினு இருந்துச்சு. நானும் எம் பொஞ்சாதி சொர்ணமும் தேடிக்கினே இருந்தோம். பூவுல ஒட்டிக்கினு இருந்துச்சு பாரு."

கதவுக்குப் பின்னால் சீதாவுக்கு உயிர் வந்தது. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள். சாமான் கிடைத்துவிட்டது, கார் ஓடிவிடும், அம்மாசியின் பெயரும் தப்பித்தது.

அய்யாதுரை அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் குழிவில் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமம் சிவப்பாக அப்படியே இருந்தது.

"ஏலே நல்லசிவம், இதப் பாத்தியா" என்றார் நிதானமாக. "ஆத்துல கிடந்த சாமானாம். ஆத்துத் தண்ணி சந்தனத்தைக்கூடக் கழுவலையாம். சாமி தட்டுல இருந்து எடுத்தது எடுத்தபடி மடியில வச்சிருந்துட்டு, பயந்துபோய்க் கொண்டாந்திருக்கான். அந்த ஆத்துல ஆனை விழுந்தாலே தேட முடியாது, இவனுக்கு நகம் அளவு சாமான் கிடைச்சுட்டாம். சாமி பொருள்லயே கை வச்சிருக்கான் பாரு."

அம்மாசியின் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. விளங்கியதும் அவர் விரித்த கையை மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது சீதா வெளியே வந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, பெரியத்தான் முன்னால் நின்றாள். வந்த குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"கிரீஸ் இருந்துச்சு. சந்தனம் ஒட்டலன்னு நான்தான் கெட்டியா அப்புனேன். கிரீஸோட சேந்ததுனால தண்ணியில போகல. பூ மேல வச்சதும் நான்தான். பூவோட அள்ளி அம்மாசி கையில குடுத்ததும் நான்தான். இவர் எடுக்கல."

மதிலுக்கு அந்தப் பக்கம் வக்கீலின் தலை தெரிந்தது. அய்யாதுரை அவளைப் பார்க்கவில்லை. தம்பியின் மனைவியை நேரே பார்ப்பது மரியாதை இல்லை. தம்பியைத்தான் பார்த்தார். உன் வீட்டில் ரொம்ப இளகின மனசு, அந்த ரத்தத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது, நல்ல குணம்தான் என்றார். அதில் கோபமே இல்லை. பிறகு கேட்டார், "அப்படியாலே? உனக்கு இது தெரியுமா?"

சீதா தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள். அம்மாசியும் பார்த்தார்.

நல்லசிவம் அண்ணன் கையிலிருந்த லாக்கை வாங்கிக்கொண்டார். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக் கழுவினார். சந்தனமும் குங்குமமும் கலங்கி அடியில் இறங்கின. "சாமான்தான் கிடைச்சுட்டுல்லாண்ணே" என்றார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "நேரமாச்சு. மாட்டிருதேன்."

சீதா இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. அம்மாசிதான் பேசினார்.

"நீ உள்ள போம்மா" என்றார். "உன்ன எதுக்கு நாலு பேரு பாக்கணும்."

வாசலில் குழாய் இருந்தது. காலைக் கழுவிக்கொண்டாவது போகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியபோது அவர் தெருமுனை திரும்பிவிட்டார். மாம்பலத்துத் தெருவில் சேற்றுக் காலடி சாய்ந்த வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு நல்லசிவத்தின் கை நடுங்கவே இல்லை. ஸ்பிரிங்கை அமுக்கினார், ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் இரண்டிரண்டு துண்டாக உட்கார வைத்தார், கருவியை விட்டார், ஸ்பிரிங் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. ஃபேனைப் பிடித்து எஞ்சினைக் கொஞ்சம் பின்னால் சுற்றிக் கயிற்றை உருவினார். அவளுடைய கொடி கரியும் எண்ணெயுமாக வெளியே வந்தது. பிளக்கை மாட்டி எஞ்சினை முடுக்கினார். பிறந்ததிலிருந்து அவர் கழற்றிய ஒரு பொருள் திரும்ப ஒழுங்காக ஓடியது அதுதான் முதல் தடவை. அய்யாதுரை தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சீதா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். வர மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? மயிலாப்பூரில் பெரியம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கபாலி கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கார் அடையாறுக்குத் திரும்பியது. நாளைக்குக் காலையிலேயே அம்மாசியைக் கூப்பிட்டு அனுப்பிவிடலாம் என்று, அண்ணன் கோயிலில் இறங்கியிருந்த நேரத்தில் நல்லசிவம் திரும்பி மெதுவாகச் சொல்லியிருந்தார். கூப்பிட்டு எதைக் கொடுப்பது? காரைத் துடைக்கிற வேலையைக் கொடுக்கலாம். திருடன் இல்லை என்று அந்த நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டியவர் அண்ணன். அண்ணனுக்கு அதைச் சொல்ல வேண்டியவர் இவர்.

பாலத்தின்மேல் கார் ஏறியபோது பிள்ளைகள் ஜன்னலுக்கு நெருக்கியடித்தன. கீழே அடையாறு. சைதாப்பேட்டையைத் தாண்டி வருகிற அதே தண்ணீர்தான். அதில் பூ மிதந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க முந்தின நாள் பூஜை. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை சாமிக்குப் போட்ட பூவையெல்லாம் இன்றைக்குத்தான் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். சாமந்தி, சாமந்தி, கரையோரம் தேங்கி, ஆகாயத்தாமரையில் சிக்கி, கண்ணுக்கெட்டின மட்டும் மஞ்சளாகச் சாமந்தி. எவ்வளவு அழகாக இருக்கிறது பார் என்று பெரியம்மா பிள்ளைகளுக்குக் காட்டினாள்.

இத்தனை பூவில் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் அந்தப் புருஷனும் பெண்சாதியும். சீதா கண்ணை மூடிக்கொண்டாள். முன்சீட்டில் பெரியத்தான், எஞ்சின் சத்தமே கேட்கவில்லை, புது வண்டி போல ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.